தமிழ் மன்றச் சொற்பொழிவு மாலைக்கு ரோட் வயர்லெஸ் கோ 2: பதிவுக்கு அருமை, அரங்கத்துக்கு வேண்டாம்

கல்லூரித் தமிழ் மன்றம் வெளியிலிருந்து ஓர் எழுத்தாளரையோ ஆய்வாளரையோ அழைத்துப் பேச வைக்கும்போது அழைப்பிதழ், பேனர், நினைவுப் பரிசு, கார் என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் பொறுப்பாக இருப்பார். ஒலிக்கு மட்டும் "ஹால்ல மைக் செட் இருக்குல்ல" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடும். அரங்கத்தில் கேட்டவர்களுக்குக் குறையொன்றும் தெரியாது. மறுநாள் காணொலியைப் போட்டுப் பார்த்தால்தான் ஒன்றரை மணி நேரப் பேச்சும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். கடைசி வரிசையில் வைத்த கேமராவின் சொந்த மைக், பேச்சாளரைவிட மின்விசிறியையும் முன்வரிசை இருமலையும்தான் கூடுதலாகப் பிடித்திருக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கப் பல மன்றங்கள் வாங்குவது ஆஸ்திரேலிய நிறுவனமான ரோட்டின் வயர்லெஸ் கோ 2 என்ற கம்பியில்லா மைக். 2021இல் வந்த கருவி. பின்னால் புது மாதிரிகள் வந்துவிட்டாலும், சீனியர்கள் விட்டுப்போன பெட்டியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். பேச்சைப் பதிவு செய்ய இது மிக நல்ல கருவி. ஆனால் அரங்கத்து ஆம்ப்ளிஃபையரில் செருகி ஹால் மைக்காகப் பயன்படுத்த ஏற்றதல்ல. இதைக் குறைசொல்லும் மன்றங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வேலையையும் ஒன்றாக நினைத்தவைதான்.

பெட்டிக்குள் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மூன்று சதுரங்கள் இருக்கும். பேசுபவரிடமிருந்து ஒலியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இரண்டு, அதை வாங்கிக் கேமராவுக்குத் தரும் ரிசீவர் ஒன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 கிராம். டிரான்ஸ்மிட்டரின் தலைப்பக்கத்திலேயே மைக் உண்டு. பக்கத்தில் தனிக் காலர் மைக் செருக 3.5 மில்லிமீட்டர் துளையும் உண்டு. உரிமம் தேவைப்படாத 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. தடையில்லாத வெட்டவெளியில் 200 மீட்டர் வரை எட்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மூன்று சார்ஜிங் கேபிள், கேமராவில் செருகும் கேபிள் ஒன்று, காற்றிரைச்சலைத் தடுக்கும் பஞ்சுக் குல்லாக்கள் ஆகியவை கூடவே வரும். ஃபோனில் பதிவு செய்ய அதற்குரிய கேபிளைத் தனியாக வாங்க வேண்டும். பெட்டியில் வருவது கேமராவுக்கானது. அதை ஃபோனின் ஹெட்ஃபோன் துளையில் செருகினால் ஃபோன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். திரையில் ஒலிக்கோடு ஆடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. செருகியதும் டிரான்ஸ்மிட்டரின் தலையை விரலால் தட்டிப் பாருங்கள். கோடு துள்ளினால் இணைப்பு சரி. ஃபோனைத் தட்டும்போது மட்டும் துள்ளினால் கேபிள் தவறு.

இனி, அரங்கத்துக்கு ஏன் வேண்டாம் என்பது. போடியம் மைக்கும் ஹேண்ட் மைக்கும் வாயருகே ஐந்து சென்டிமீட்டரில் இருக்கும். சட்டையில் குத்திய டிரான்ஸ்மிட்டர் வாயிலிருந்து இருபது சென்டிமீட்டரில் இருக்கும். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஐந்து பத்தாகி, பத்து இருபதாகும்போது 12 டெசிபல் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபையரில் அவ்வளவும் ஏற்ற வேண்டும். போதாக்குறைக்கு இதிலிருப்பது எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும் மைக். மேடையோரம் நிற்கும் ஸ்பீக்கர் பாக்ஸின் ஒலியையும் சேர்த்துப் பிடித்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும். பேச்சாளர் இரண்டடி முன்னால் வந்தாலே "ஊய்ங்" என்று கத்தத் தொடங்கிவிடும். இது கருவியின் கோளாறில்லை. நெஞ்சில் குத்தும் எந்த மைக்குக்கும் இந்தக் கணக்குதான். பெரிய மேடைகளில் காலர் மைக் ஒழுங்காகப் பேசுகிறதென்றால், எந்த அலைவரிசை கத்துகிறது என்று பார்த்து அதை மட்டும் வெட்டிவிட ஒருவர் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். கல்லூரி செமினார் ஹாலில் மைக் செட்காரர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

அப்படியும் செருகித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பொறி காத்திருக்கிறது. ரிசீவரின் 3.5 மில்லிமீட்டர் வெளியீடு ஸ்டீரியோ. இரண்டு மைக்கையும் கலந்து அனுப்பும் முறையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே ஒலியைச் சுமக்கின்றன. எக்ஸ்எல்ஆர் என்பது மைக் கேபிள்களில் இருக்கும் மூன்று முனைப் பிளக். கடையில் கிடைக்கும் சாதாரண 3.5 டூ எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரு பக்கம் இரண்டாம் முனைக்கும் மறுபக்கம் மூன்றாம் முனைக்கும் போகும்படி வயர் கட்டியிருப்பார்கள். மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் துளையோ அந்த இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றேயென்றால் வித்தியாசம் பூஜ்யம். ரிசீவரில் கோடு ஆடும், மிக்ஸரில் ஒலி வராது, வந்தாலும் தகரக்குவளைக்குள் பேசுவதுபோல் சத்தில்லாமல் வரும். பேட்டரியையும் ஆம்ப்ளிஃபையரையும் மாற்றி மாற்றிப் பார்த்து அரை மணி நேரம் வீணாவது இப்படித்தான். இதற்கு வழி, ஒலியை மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் துளைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டியான டிஐ பாக்ஸ் ஒன்றை நடுவில் வைப்பது. ரிசீவரிலிருந்து குட்டையான கேபிள் டிஐ பாக்ஸுக்கு, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் மிக்ஸருக்கு. டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்ச், பழைய ஹால்களில் வரும் "ம்ம்ம்" என்ற ரீங்காரத்தையும் பெரும்பாலும் அடக்கிவிடும்.

ஆக, அரங்கத்துக்குக் கம்பி மைக், பதிவுக்கு வயர்லெஸ். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓடட்டும். மைக் செட் நின்றுபோனாலும் பதிவு நிற்காது. பதிவு சொதப்பினாலும் கூட்டத்துக்குக் காது நிறையும்.

முதல் டிரான்ஸ்மிட்டர் பேச்சாளர் நெஞ்சுக்கு. தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரம் சரியான இடம். காலர் வைத்த சட்டையில் பொத்தான் பட்டியில் குத்தினால் நிமிர்ந்து நிற்கும். மெல்லிய பருத்தி ஜிப்பாவில் 30 கிராம்கூடத் துணியைக் கீழே இழுத்து மைக்கை முன்பக்கமாகக் கவிழ்த்துவிடும். அங்கே காந்தக் கிளிப் உதவும். ரோட்டே மேக்கிளிப் கோ என்று தனியாக விற்கிறது. ஆனால் பேச்சாளர் பேஸ்மேக்கர் பொருத்தியவரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வயதில் பெரியவர்களை அழைக்கும் மன்றங்களுக்கு இது கட்டாயம். நெஞ்சுக்கு அருகில் காந்தம் வைக்கக் கூடாதவர்கள் இருப்பார்கள். புடவையில் தோள் மடிப்பில் குத்துவதுதான் பழக்கமாகிவிட்டது, ஆனால் அவர் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் குரல் மங்கும். ரவிக்கையின் கழுத்துப் பட்டியில் நடுவே சிறு காலர் மைக்கைக் குத்தி, டிரான்ஸ்மிட்டரை இடுப்பில் செருகுவதே நல்லது. அதைப் பெண் உறுப்பினர் ஒருவர் தனியறையில், பேச்சாளரிடம் கேட்டுச் செய்யட்டும். நீளச் சங்கிலி அணிந்திருந்தால் மைக் சங்கிலிக்கு மேலே இருக்க வேண்டும். தங்கம் உரசும் கிண்கிணிச் சத்தத்தை எந்த மென்பொருளும் முழுசாக நீக்காது.

காலர் மைக் செருகும்போது ஒரு பலவீனத்தை நினைவில் வையுங்கள். அந்த 3.5 மில்லிமீட்டர் துளையில் திருகிப் பூட்டும் வசதி இல்லை. பேச்சாளர் நாற்காலியில் உட்காரும்போது ஒயர் இழுபட்டுப் பாதி வெளியே வந்துவிடும். பிளக் உள்ளே இருக்கும்வரை டிரான்ஸ்மிட்டர் தன் சொந்த மைக்கை அணைத்து வைத்திருக்கும். எனவே பாதி வெளியே வந்த பிளக் என்றால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. ஒயரை ஒரு வளையம் சுற்றி, டேப் ஒட்டித்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்தது பொன்னாடை. விருந்தினருக்கு மைக் குத்தி, குல்லா மாட்டி, ஒலி பார்த்து எல்லாம் சரியாக இருக்கும். அதற்குப்பின் தலைவர் வந்து பொன்னாடை போர்த்துவார். ஜரிகை நேராக மைக்கின் தலைமேல் விழும். மரியாதைக்காக அதை அப்படியே போட்டுக்கொண்டு பேசத் தொடங்கிவிடும் பேச்சாளர்கள் உண்டு. குரல் போர்வைக்குள்ளிருந்து வரும், கையை அசைக்கும் போதெல்லாம் "கரக் கரக்". ஆகவே சிறப்பு செய்தலை முடித்துவிட்டு, அறிமுக உரை நடக்கும்போது மைக் குத்துங்கள். நிகழ்ச்சி நிரலிலேயே "சிறப்பு செய்தல், பின் மைக்" என்று எழுதிவைத்தால் தொகுப்பாளருக்கும் தெரியும். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் மன்றங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. புத்தகம் கொடுப்பதற்கு இருக்கும் பல நல்ல காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது டிரான்ஸ்மிட்டரைக் கூட்டத்துக்குள் அனுப்புகிறார்கள். அது வீண். அதற்கு நல்ல இடம் போடியம் மைக்கின் வளையும் கழுத்து. கிளிப் அங்கே நிற்காது. ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, தலைப்பக்கம் பேசுபவரைப் பார்க்கும்படி, மைக் தலைக்கு நான்கு விரல் கீழே கட்டுங்கள். போடியத்தில் நிற்கும் எல்லாருடைய குரலும் அதில் வந்துவிடும்: வரவேற்புரை, அறிமுகம், நன்றியுரை. தமிழ்த்தாய் வாழ்த்தும் வரும். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசு, 55 வினாடிகளில் பாட வேண்டும் என்றும் ஒலித்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நான்கு மாணவிகள் ஒரு மைக்கைச் சுற்றி நின்று பாடுவதைப் பிடிக்க, எல்லாத் திசையும் கேட்கும் இந்த மைக் ஹேண்ட் மைக்கைவிட நன்றாகவே வேலை செய்கிறது. அரங்கத்தில் தொல்லையாக இருந்த அதே குணம் பதிவில் கைகொடுக்கிறது. மரப்போடியத்தில் கையால் தட்டிப் பேசுபவர் என்றால் மட்டும் டிரான்ஸ்மிட்டருக்கும் கழுத்துக்கும் நடுவில் மடித்த துணித்துண்டு ஒன்று வையுங்கள்.

அமைப்புகளில் மூன்றே மூன்று விஷயம் முக்கியம். முதலாவது, டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி. இந்தக் கருவியை வாங்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். ரேடியோ அலை அறுந்தாலும், ரிசீவர் கேபிள் கழன்றாலும், கேமரா நின்றாலும் பேச்சு டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 வினாடியில் தாமாகவே பதிவை நிறுத்திவிடும். கேமராக்காரர் கவனிப்பதற்குள் இரண்டு நிமிடப் பேச்சு போயிருக்கும். படம் போனாலும் குரல் தப்பும். ஆனால் இந்த வசதி தானாக இயங்காது. ரோட் சென்ட்ரல் என்ற செயலியில் ஒருமுறை இயக்கி வைக்க வேண்டும். பதிவை வெளியே எடுப்பதும் அந்தச் செயலி வழியாகத்தான், பென் டிரைவ் போலத் திறக்காது. அந்த மடிக்கணினி யாரிடம் இருக்கிறது என்பது நிகழ்ச்சிக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கலந்து அனுப்புவதா பிரித்து அனுப்புவதா என்பது. மேலே சொன்னதுபோல் நெஞ்சில் ஒன்று, போடியத்தில் ஒன்று வைத்தால் பிரித்தே அனுப்புங்கள். ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் தனித்தனியே பதிவாகும். கலந்துவிட்டால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் சிறு கால இடைவெளியில் நுழைந்து குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும், பிறகு பிரிக்கவே முடியாது. எடிட்டிங்கில் பேச்சாளர் பேசும்போது போடியத்தையும் மற்றவர் பேசும்போது நெஞ்சு மைக்கையும் அணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது, சேஃப்டி சேனல். ஒரே ஒலியை 20 டெசிபல் குறைத்து இன்னொரு பக்கத்தில் சேர்த்துப் பதியும் வசதி. கலந்து அனுப்பும் முறையில் மட்டும்தான் கிடைக்கும். மெல்லத் தொடங்கி உச்சத்தில் அரங்கம் அதிரக் குரல் எடுப்பது தமிழ் மேடையின் இயல்பு. பட்டிமன்றப் பேச்சாளரோ மரபுக்கவிஞரோ வருகிறார் என்றால் போடிய டிரான்ஸ்மிட்டரை விட்டுவிட்டு, ஒரே டிரான்ஸ்மிட்டரோடு சேஃப்டி சேனலைப் போடுவது புத்திசாலித்தனம். எந்த முறையானாலும் ஒலி பார்க்கும்போது "மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ" சொல்லச் சொல்லாதீர்கள். உரத்துச் சொல்லும் வரி ஒன்றை மேடையில் சொல்வதுபோலவே சொல்லிக் காட்டக் கேளுங்கள். அந்த உச்சம் கேமரா மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வையுங்கள். கேமராவின் தானியங்கி ஒலியளவை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளியிலெல்லாம் மின்விசிறி எழுந்து நிற்கும்.

200 மீட்டர் என்பதை நம்பி ரிசீவரைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாகவே உறிஞ்சும். அதே அலைவரிசையில்தான் கல்லூரி வைஃபையும் முந்நூறு ஃபோன்களின் புளூடூத்தும் ஓடுகின்றன. காலி ஹாலில் நான்கு மணிக்கு ஒழுங்காக இருந்த இணைப்பு, ஆறு மணிக்குக் கூட்டம் நிரம்பியதும் விட்டு விட்டு வருவது இதனால்தான். கேமராவை மேடையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே ரிசீவர் தெரியும்படி டிரைபாடில் உயர்த்துங்கள். பேச்சாளர் முதுகைக் காட்டித் திரையைப் பார்த்துப் பேசினால் அவர் உடலே அலையை மறைக்கும். அப்போது அறுந்த சொற்களை உள்பதிவிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும்போது பொருத்திப் பார்க்க வசதியாக, எல்லாம் ஓடத் தொடங்கியதும் மேடையில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிவிடுங்கள்.

கேள்வி நேரம்தான் இத்தகைய மாலைகளின் உயிர். மாணவர் எழுந்து தயங்கித் தயங்கிக் கேட்பதும், பேச்சாளர் தாள் பார்க்காமல் பதில் சொல்வதும் வேறெங்கும் கிடைக்காதவை. பெரும்பாலான பதிவுகளில் பதில் மட்டும் இருக்கும், கேள்வி இருக்காது. டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடியில் மாட்டி ஹேண்ட் மைக்காக்கும் இன்டர்வியூ கோ என்ற துணைப்பொருள் உண்டு. ஆனால் அதில் பேசுவது பதிவுக்கு மட்டும்தான் போகும், அரங்கத்துக்குக் கேட்காது. கேட்காத மைக்கில் எவரும் பொறுமையாகப் பேச மாட்டார்கள். நடைபாதையில் ஒரு ஸ்டாண்டில் ஹால் மைக்கை நிறுத்தி, கேட்பவர்களை அங்கே வரச் சொல்லுங்கள். போடியத்திலிருந்து டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி அந்த ஸ்டாண்டில் கட்ட அரை நிமிடம் போதும். எழுந்து வரக் கூச்சப்படுபவர்களுக்குத் துண்டுச் சீட்டு. தொகுப்பாளர் வாசிக்கட்டும்.

பேட்டரி புதிதில் 7 மணி நேரம் வரும். மூன்று மணிக்கு ஒலி பார்க்கத் தொடங்கி எட்டரைக்கு நன்றியுரை என்றால் ஐந்தரை மணி நேரம். நாலைந்து தலைமுறை மாணவர்கள் கைமாறிய கருவி அதைத் தாங்காது. பேட்டரியை நாமாக மாற்றவும் முடியாது. ஒலி பார்த்து முடித்ததும் அணைத்து, பேச்சுக்கு அரை மணி முன்புவரை சார்ஜில் வையுங்கள். ரிசீவரைப் பவர் பேங்கில் செருகியபடியே ஓட்டலாம். ஆம்ப்ளிஃபையரோடு இணைந்திருக்கும் மடிக்கணினியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் இரைச்சல் சேரும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியிலும் பதிவு ஓடிக்கொண்டேயிருக்கும்.

புதிதாக வாங்குவதென்றால்? மன்றத்திடம் ஒழுங்கான கம்பி மைக் இரண்டுகூட இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். ஷூர் எஸ்எம்58 1966இலிருந்து மேடைகளில் அடிபட்டு உழைக்கிறது. அகுஜா போன்ற உள்நாட்டு மைக்குகள் அதைவிட மலிவு, எந்த ஊரிலும் பழுது பார்ப்பார்கள். அதற்குமேல் பணம் இருந்தால் 2023இல் வந்த வயர்லெஸ் புரோவைப் பாருங்கள். ஒலியளவைத் தவறாக வைத்தாலும் பிறகு மீட்டுக்கொள்ள உதவும் 32 பிட் ஃப்ளோட் உள்பதிவும், பூட்டும் வசதியுள்ள காலர் மைக்கும் அதில் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மூன்று கூட்டம் நடத்தும் மன்றத்துக்கு, ஏற்கெனவே கையிலிருக்கும் கோ 2 தாராளமாகப் போதும்.

பதிவை வெளியிடும் முன் பேச்சாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பொது இடத்தில் ஆற்றிய உரைக்கு முதல் உரிமையாளர் பேசியவரே என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. வேறொருவர் சார்பில் பேசியிருந்தால் அந்த உரிமை அவருக்குப் போகும். அழைப்புக் கடிதத்திலேயே பதிவு, யூடியூப் வெளியீடு இரண்டையும் குறிப்பிட்டுப் பதில் வாங்கிவிட்டால் பின்னால் சங்கடமில்லை. வெளியிட வேண்டாத பகுதி எது என்று அவர் சொன்னால் அதை மறுபேச்சில்லாமல் வெட்டிவிடுங்கள்.

மன்றப் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள், கருவி மாறாது. பைக்குள் ஓர் அட்டை வையுங்கள்: எந்த முறையில் வைத்திருக்கிறோம், உள்பதிவு இயக்கத்தில் இருக்கிறதா, எந்தக் கேபிள் எதற்கு. கேபிள்களில் வண்ண டேப் ஒட்டி "கேமரா", "ஃபோன்" என்று எழுதிவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வாங்க ஒருவரை மட்டும் பெயர் சொல்லி நியமியுங்கள். நன்றியுரை முடிந்ததும் குழுப் படம், அது முடிந்ததும் கையெழுத்து, பிறகு கார் என்று பேச்சாளர் நகர்ந்துகொண்டேயிருப்பார். நெஞ்சில் அந்தச் சதுரம் பச்சை விளக்கோடு ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாது. குழுப் படத்துக்கு முன்பே வாங்கி, மூன்றும் பைக்குள் வந்ததை எண்ணிப் பாருங்கள்.